பழைய அமெரிக்க நோட்டுகளுக்குக் கிரேடிங் சேவை: எதை அனுப்பலாம், எதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்

1929-க்கு முந்தைய பெரிய அளவு அமெரிக்க நோட்டு ஒன்றை நல்ல ஏலத்தில் தேடினால், அநேகமாக அது தெளிவான பாலியெஸ்டர் உறைக்குள் அடைபட்டு, மேலே ஒரு லேபிளோடு வரும். நோட்டு வகையைக் குறிக்கும் பட்டியல் எண்ணான ஃப்ரீட்பெர்க் எண், நோட்டின் பெயர், அதன் நிலையை 70 வரை போகும் அளவுகோலில் காட்டும் ஒரு கிரேடு, சான்றிதழ் எண் ஆகியவை அதில் இருக்கும். இந்த உறையைத் தரும் சேவைகளில் இன்று கணக்கில் எடுக்க வேண்டியவை இரண்டு. ஒன்று 2005-இல் தொடங்கிய பி.எம்.ஜி., அதாவது பேப்பர் மணி கேரண்டி. மற்றொன்று நாணயக் கிரேடிங் நிறுவனமான பி.சி.ஜி.எஸ்.ஸின் பி.சி.ஜி.எஸ். பேங்க்நோட். 1861 முதல் 1929 வரை வந்த ஃபெடரல் நோட்டுகளைச் சேர்ப்பவருக்கு இவை எந்த அளவு உதவும் என்பதுதான் இந்த விமர்சனம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டும் காசுக்குத் தகுந்த சேவைகள்தான், ஆனால் எல்லா நோட்டுக்கும் அல்ல. லேபிளின் முன்பக்கத்து எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவருக்குச் சேவையின் பாதிதான் கிடைக்கிறது. மீதிப் பாதி அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று எழுத்திலும், லேபிளின் பின்பக்கத்திலும் இருக்கிறது.

முதலில் எண். 60-உம் அதற்கு மேலும் புழங்காத நோட்டு. 63, 64 வாங்கிய நோட்டின் படப்பகுதியில் மடிப்பு இருக்காது. ஓரங்கள் ஒருபக்கம் அகலமாக, மறுபக்கம் குறுகலாக இருக்கலாம். 65-க்கு ஏற வேண்டுமானால் ஓரமும் நேராக அமைய வேண்டும், தாளும் அச்சகத்திலிருந்து வந்த இயல்பில் இருக்க வேண்டும். 50, 53, 55, 58 எல்லாம் ஓரிரு மடிப்போ கை பட்ட தடமோ உள்ளவை. அதற்குக் கீழே கிட்டத்தட்ட மடிப்புக் கணக்குதான்: பி.எம்.ஜி. அளவில் 35 என்றால் நான்கிலிருந்து ஏழு மெல்லிய மடிப்புகள், 30 என்றால் ஏழிலிருந்து பத்து. 25, 20-க்கு வரும்போது நோட்டு நன்றாகக் கைமாறியிருக்கும். 12, 15-இல் தாள் விறைப்பை இழந்திருக்கும். 10-க்குக் கீழே ஓரக் கிழிசல், அழுக்கு, மூலை உதிர்வு எல்லாம் சேர்ந்துவிடும். பெரிய அளவு நோட்டுகளில் நியாயமான விலைக்கு, யாரும் கைவைத்துக் கெடுக்காத தாள் அதிகம் கிடைப்பது 20-க்கும் 35-க்கும் நடுவில்தான். புதிதாகச் சேர்க்க வருபவர்கள் இந்த இடத்தை மதிக்காமல் 60-களுக்குத் தாவுவது வருத்தமான விஷயம்.

ஏன் என்றால், திருத்தப்பட்ட நோட்டுகள் குவிந்திருப்பதும் 50-களின் மேல்பாதியிலும் 60-களின் கீழ்ப்பாதியிலும்தான். நடுவில் ஒரு மடிப்பு உள்ள நோட்டை ஈரப்படுத்தி அழுத்தினால் மடிப்பு கண்ணுக்கு மறையும். பார்க்க 62 போல இருக்கும். இதைப் பிரித்துக் காட்டத்தான் பி.எம்.ஜி. ஈ.பி.க்யூ. (எக்ஸெப்ஷனல் பேப்பர் குவாலிட்டி) என்ற குறியையும், பி.சி.ஜி.எஸ். பி.பி.க்யூ. (பிரீமியம் பேப்பர் குவாலிட்டி) என்ற குறியையும் தருகின்றன. தாள் கழுவப்படவில்லை, அழுத்தப்படவில்லை, ஒட்டப்படவில்லை என்று பார்த்த பிறகே அது கிடைக்கும். பி.எம்.ஜி.யில் 65-உம் அதற்கு மேலும் ஈ.பி.க்யூ. இல்லாமல் வராது. ஆகவே குறி இல்லாத 64-ஐயும் குறி உள்ள 58-ஐயும் அருகருகே வைத்தால், 58-ஐ எடுங்கள். அதில் மடிப்பு எங்கே என்று தெரியும். மற்றதில் என்ன நடந்தது என்று தெரியாது. குறி இல்லாத எல்லா நோட்டும் திருத்தியது என்று அர்த்தமல்ல. லேசான கறையோ நெடுங்காலக் கையழுக்கோ இருந்தாலும் குறி கிடைக்காமல் போகலாம். காரணம் தெரியாமல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

இந்தக் குறி எதைத் தேடுகிறது என்று புரிந்துகொண்டால், கட்டணம் கட்டுவதற்கு முன்பே பாதி விடையை வீட்டில் கண்டுபிடிக்கலாம். அந்தக் காலத்துப் பெரிய நோட்டுகளின் படம் தாளை ஈரமாக்கி, செதுக்கிய தகட்டில் பலமாக அழுத்தி அச்சிடப்பட்டது. தாள் தகட்டின் கோடுகளுக்குள் இறங்கியதால் மை மேடாக நிற்கும், பின்பக்கத்தில் அதன் பள்ளம் தெரியும். சீரியல் எண்ணும் முத்திரையும் பிறகு உலர்ந்த தாளில் குத்தப்பட்டவை. அவற்றின் அழுத்தம் பின்பக்கம் புடைத்திருக்கும். நோட்டை மேசைமேல் வைத்து, ஒரு விளக்கை ஏறக்குறைய மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து ஒளி விழச் செய்யுங்கள். கழுவி அழுத்திய தாளில் இந்த மேடுபள்ளம் செத்துப்போயிருக்கும். மறைத்த மடிப்போ மெல்லிய நிழல் கோடாக மறுபடி எழும்பி வரும். தாளின் விறைப்புக்குக் காரணம் அதன் மேல்பூச்சுப் பசை. தண்ணீர் அதைக் கரைத்துவிடும். அதனால் கழுவிய நோட்டு சுத்தமாக இருந்தும் துணிபோலத் தொய்யும். சிலர் திரும்பப் பசை ஏற்றுவார்கள். அப்போது வேறுவிதமான மினுமினுப்பு வரும்.

அடுத்தது புற ஊதா விளக்கு. 19-ஆம் நூற்றாண்டில் கந்தல் துணியிலிருந்து செய்த தாளில் ஒளியூட்டி ரசாயனம் கிடையாது; அது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் தாளுக்கும் சலவைத்தூளுக்கும் வந்தது. எனவே பழைய நோட்டு புற ஊதாவில் மங்கலாகத்தான் இருக்க வேண்டும். முழுவதும் நீலவெண்மையாக ஒளிர்ந்தால் ஏதோ ஒன்றில் ஊறியிருக்கிறது. ஒரே ஒரு இடம் மட்டும் ஒளிர்ந்தால் அங்கே நவீனப் பசையோ ஒட்டுத்தாளோ இருக்கிறது. கடைசியாக நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். குண்டூசித் துளைகள், அடைத்த துளைகள், மூலையில் சேர்த்த புதுத்தாள் மூன்றும் இதில் மறையாது.

குண்டூசித் துளையைக் கண்டு பயப்பட வேண்டாம். நோட்டுகளைக் கட்டாகக் குத்தி வைப்பது அப்போது சாதாரண வழக்கம். 1860-களில் அமெரிக்க அரசு வெளியிட்ட லீகல் டெண்டர் நோட்டில் துளையே இல்லை என்றால்தான் உற்றுப் பார்க்க வேண்டும். லேபிளின் பின்பக்கத்தில் துளை என்று ஒரு சொல் இருப்பது நேர்மையான விவரம், அவ்வளவுதான்.

பின்பக்கத்துக் குறிப்பு இன்னும் பெரிய விஷயங்களையும் சொல்லும். ஒட்டிய கிழிசல், மறுபடி வரைந்த கோடு, துரு, ஆல்பத்தில் ஒட்டிய தடம், பேனாக் கிறுக்கல் போன்ற கடுமையான குறை இருந்தால் பி.எம்.ஜி. எண்ணோடு நெட் என்ற சொல்லைச் சேர்க்கும். பி.சி.ஜி.எஸ். பேங்க்நோட் டீடெய்ல்ஸ் என்கிறது. பழைய பி.சி.ஜி.எஸ். கரன்சி உறைகளில் இதே இடத்தில் அப்பேரன்ட் என்று இருக்கும். விற்பனைப் பக்கங்களில் முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால் பின்பக்கப் படத்தையும் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது, இது பணத்தைப் பாதிக்கும். பி.சி.ஜி.எஸ். கரன்சி வேறு, பி.சி.ஜி.எஸ். பேங்க்நோட் வேறு. முன்னது அந்தப் பெயரை உரிமம் பெற்று 2019 வரை பயன்படுத்திய தனி நிறுவனம். பிறகு லெகஸி என்ற பெயருக்கு மாறியது. பின்னது நாணயங்களைக் கிரேடு செய்யும் பி.சி.ஜி.எஸ்.ஸே நேரடியாகத் தொடங்கியது. இரண்டு லேபிளிலும் நான்கு எழுத்து ஒன்று என்பதால் இரண்டுக்கும் ஒரே உத்தரவாதம் இருக்கும் என்று நினைத்து வாங்கக்கூடாது. பழைய பி.சி.ஜி.எஸ். கரன்சியின் கிரேடர்கள் கண்டிப்பானவர்கள் என்ற நல்ல பெயர் இன்றும் உண்டு. அந்த நோட்டுகளை ஒதுக்க வேண்டியதில்லை. உறையை அல்ல, நோட்டைப் பார்த்து விலை சொல்லுங்கள்.

சரி, எதை அனுப்பலாம்? 1896-ஆம் ஆண்டின் எஜுகேஷனல் வரிசையில் 1, 2, 5 டாலர் மூன்றையும் அனுப்பலாம். 1901-இன் 10 டாலர் பைசன், 1899-இன் 5 டாலர் அமெரிக்கப் பழங்குடித் தலைவர் நோட்டு, 1869-இன் ரெயின்போ நோட்டுகள், நேஷனல் வங்கிகளின் 2 டாலர் லேசி டியூஸ் எல்லாமே அனுப்ப வேண்டியவை. எஜுகேஷனல், பைசன், ரெயின்போ, லேசி டியூஸ் எல்லாம் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர்கள். காரணம் எளிது. இவை அழகானவை, அதனால் விரும்பப்படுபவை, அதனால் அதிகம் திருத்தப்பட்டவை. பைசனின் சிவப்பு முத்திரையும் தலைவர் நோட்டின் நீல எழுத்துகளும் கழுவலில் வெளிறும். வெளிறிய நிறத்தை இணையப் படத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. படத்தின் வண்ணத்தைச் சற்றே ஏற்றினால் போதும், மறைந்துவிடும். இங்கே மூன்றாம் மனிதரின் கண் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் கட்டணத்தைவிடப் பல மடங்கு லாபம் தரும்.

1899-இன் 1 டாலர் பிளாக் ஈகிள் வேறு கணக்கு. இது மிகப் பெரிய எண்ணிக்கையில் அச்சான நோட்டு. தேய்ந்த பிரதிகள் எங்கும் கிடைக்கும். 30-க்குக் கீழே வரக்கூடிய சாதாரண கையெழுத்து ஜோடி (நோட்டில் அச்சான இரு அதிகாரிகளின் கையெழுத்துகள்) உள்ள நோட்டுக்குக் கட்டணமும் அஞ்சலும் சேர்ந்தால் கூடுதல் மதிப்பைத் தின்றுவிடும். ஆனால் வகை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லயன்ஸ், ராபர்ட்ஸ் கையெழுத்துகள் உள்ள நோட்டில் 1899 என்ற வரிசை ஆண்டு சீரியல் எண்ணுக்கு மேலே இருந்தால் ஃப்ரீட்பெர்க் 226, கீழே இருந்தால் 226ஏ. இரண்டின் விலையும் வேறு. சீரியல் எண்ணில் நட்சத்திரம் இருந்தால் அது பழுதான நோட்டுக்குப் பதிலாக வந்த மாற்று நோட்டு. இந்த முறை 1910-இல் தொடங்கியது. பெரிய அளவு நட்சத்திர நோட்டு எந்த நிலையில் இருந்தாலும் அனுப்பத் தகுந்தது.

1923-இன் 1 டாலர், 1935, 1957 வரிசைகளின் நீல முத்திரை 1 டாலர், உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் 1864-ஆம் ஆண்டு 10 டாலர் கான்ஃபெடரேட் நோட்டு ஆகியவற்றின் புழங்கிய பிரதிகளை அனுப்ப வேண்டாம். நல்ல உறை ஒன்று வாங்கி அதில் வையுங்கள்.

நேஷனல் வங்கி நோட்டுகள் தனி உலகம். 1863 முதல் 1935 வரை ஆயிரக்கணக்கான ஊர் வங்கிகள் தங்கள் பெயரிலும் சார்ட்டர் எண்ணிலும் (அரசு தந்த அனுமதியின் எண்) வெளியிட்டவை இவை. இங்கே விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் வங்கிதான். ஒரு சிற்றூர் வங்கியின் நோட்டு உலகில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சியிருக்கிறது என்றால், 12 கிரேடும் 20 கிரேடும் வாங்குபவருக்கு ஏறத்தாழ ஒன்றுதான். லேபிள் இந்த அருமையைச் சொல்லாது. வங்கி, ஊர், சார்ட்டர் எண் மூன்றும் லேபிளில் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். நோட்டுகள் தாள்களாக வந்து வங்கியிலேயே கத்தரிக்கப்பட்டதால் ஓரம் கோணலாக இருப்பது குறையல்ல. வங்கியின் காஷியர், பிரசிடென்ட் கையெழுத்துகள் பேனாவிலோ ரப்பர் முத்திரையிலோ இருக்கும். மங்கிய கையெழுத்தின் மேல் யாராவது மறுபடி எழுதியிருந்தால் அது குறை. உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டு மைகளும் தனித்தனியாகத் தெரியும். 1902 வரிசையில் சிவப்பு முத்திரை வந்தால் எச்சரிக்கையாகக் கையாளுங்கள். நீல முத்திரை நோட்டுகளைவிட அது அரிது.

ஃபிராக்‌ஷனல் கரன்சி, அதாவது 1862 முதல் 1876 வரை வந்த 3 சென்ட் முதல் 50 சென்ட் வரையான சிறு நோட்டுகள், பெரும்பாலும் ஆல்பங்களில் ஒட்டி வைக்கப்பட்டவை. பின்பக்கத்தில் பசைத் தடம் இருந்தால் ஈ.பி.க்யூ.வை எதிர்பார்க்காதீர்கள். பசையைத் தண்ணீரால் எடுக்க முயலவும் வேண்டாம். தடம் போகும், தாளின் விறைப்பும் கூடவே போகும்.

போலியா அசலா என்று தெரிந்துகொள்ள மட்டும் அனுப்ப நினைப்பவர்கள் முதலில் சீரியல் எண்ணைப் பாருங்கள். 1840 தேதியிட்ட பேங்க் ஆஃப் தி யுனைட்டட் ஸ்டேட்ஸ் 1000 டாலர் நோட்டு, எண் 8894 என்றால் சந்தேகமே வேண்டாம். பழுப்பேற்றிய மொறமொறப்பான தாளில் கணக்கற்று அச்சிட்ட நினைவுப் பிரதி அது. காலனி நோட்டுகளும் கான்ஃபெடரேட் நோட்டுகளும் இதே தாளில் வருகின்றன. 1973-இன் சட்டப்படி இத்தகைய பிரதிகளில் காப்பி என்று அச்சிட வேண்டும். அதற்கு முந்தையவற்றில் அது இருக்காது. அமெரிக்கப் புரட்சிக் காலத்து அசல் கான்டினென்டல் நோட்டின் தாளில் அபிரகத் துணுக்குகளும் நீல இழைகளும் தெரியும். இந்த அளவு சோதனைக்குக் கட்டணம் தேவையில்லை.

அனுப்பும் முறைக்கு வருவோம். பி.எம்.ஜி.க்கு நேரடியாக அனுப்ப உறுப்பினராக வேண்டும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட வியாபாரி வழியாக அனுப்பலாம். அமெரிக்க நாணயவியல் சங்கமான ஏ.என்.ஏ. நடத்தும் வருடாந்தரக் கண்காட்சி போன்ற பெரிய கண்காட்சிகளில் நேரில் கொடுக்கவும் வழி இருக்கிறது. அஞ்சல் அபாயம் ஒருவழி குறையும். கட்டணம் நோட்டின் மதிப்பைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும். படிவத்தில் மதிப்பைக் குறைத்து எழுதிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். வழியில் தொலைந்தாலோ சேதமானாலோ நீங்கள் எழுதிய தொகைதான் பேச்சின் தொடக்கம்.

ஒவ்வொரு நோட்டையும் தனித்தனி பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை தாளில் ஏறும். நோட்டைவிடச் சற்றுப் பெரிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, ஒட்டுநாடாவை அட்டையில் மட்டும் ஒட்டுங்கள். பெரிய நோட்டு ஏறத்தாழ 189 மி.மீ.க்கு 79 மி.மீ.; சிறிய அளவு நோட்டுக்கான 156 மி.மீ. உறையில் திணித்தால் புதிதாக ஒரு மடிப்பு விழும், அதற்கும் கிரேடு குறையும். கிளிப், ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் எதுவும் கூடாது. பென்சில் குறிப்பை அழிக்காதீர்கள், மூலையை நிமிர்த்தாதீர்கள். அனுப்பும் முன் இருபுறமும் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

விலை உயர்ந்த நோட்டுக்கு அமெரிக்க அஞ்சல் துறையின் ரெஜிஸ்டர்டு மெயில்தான் ஏற்றது. 50,000 டாலர் வரை காப்பீடு உண்டு, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து உண்டு. ஆனால் பொட்டலத்தின் எல்லா மூடல் விளிம்புகளையும் மை ஏறக்கூடிய பழுப்புக் காகித நாடாவால் ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக் நாடா ஒட்டியிருந்தால் கவுன்டரிலேயே திருப்பிவிடுவார்கள். இந்த அஞ்சல் மெதுவாகத்தான் போகும். ஏலத்தின் கடைசித் தேதிக்கு ஓடுகிறவர்கள் அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நோட்டு திரும்பி வந்ததும் சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தேடுபக்கத்தில் போட்டுப் பாருங்கள். வாங்கும்போது இது இன்னும் முக்கியம், ஏனென்றால் உறையையே போலி செய்கிறார்கள். எண் இருந்தால் மட்டும் போதாது. உண்மையான எண்ணை வேறு நோட்டின் லேபிளில் அச்சிட முடியும். தேடுபக்கத்தில் படம் இருந்தால் சீரியல் எண்ணையும் ஓர அகலத்தையும் ஒப்பிடுங்கள்.

உத்தரவாதம் இந்தச் சேவையின் பெரிய பலம். நோட்டு போலி என்றோ கிரேடு மிகையானது என்றோ நிறுவனமே மறுபரிசீலனையில் ஒப்புக்கொண்டால் ஈடு உண்டு. வெளிப்படையான எழுத்துப் பிழைக்கும், உறைக்குள் அடைபட்ட பிறகு ஏற்பட்ட மாற்றத்துக்கும் கிடையாது. உறை காற்றுப்புகாப் பெட்டி அல்ல. ஈரப்பதம் உள்ளே போகும், வெயில் மையை வெளிறச் செய்யும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் இருட்டான அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். அடுக்கி மேலே கனம் ஏற்ற வேண்டாம்.

இரண்டில் எது? 1929-க்கு முந்தைய ஃபெடரல் நோட்டுக்குப் பி.எம்.ஜி. நம் தேர்வு. ஏலங்களில் அதன் உறையே அதிகம், ஆகவே விலை ஒப்பீட்டுக்குப் பழைய விற்பனைகள் நிறையக் கிடைக்கும். பி.சி.ஜி.எஸ். பேங்க்நோட்டின் கண்ணில் குறையில்லை. அதன் உறையில் நல்ல நோட்டு வந்தால் தயங்காமல் வாங்கலாம். உறையே இல்லாத நல்ல நோட்டு நம்பகமான வியாபாரியிடம் கிடைத்தாலும் தயங்க வேண்டாம், மேலே சொன்ன மூன்று விளக்குச் சோதனையும் கைவசம் இருந்தால்.

இரு நிறுவனங்களும் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரே நோட்டை உறையிலிருந்து எடுத்து, கூடுதல் கிரேடுக்காக மறுபடி மறுபடி அனுப்புகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் பட்டியலில் ஒரு நோட்டு கூடும். 64-இல் பத்து என்று இருந்தால் உண்மையில் ஆறோ ஏழோ இருக்கலாம். நீங்களும் மறுகிரேடுக்கு அனுப்பினால் பழைய உறையோடேயே அனுப்புங்கள். அவர்களே பத்திரமாகப் பிரித்து, பழைய எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்க முடியும். முன்பே பிரித்துவிட்டிருந்தால் அந்த லேபிளையாவது திருப்பி அனுப்பிவிடுங்கள்.